பிஞ்சுக்கு விலை பேசலாமா?

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நாம் எல்லோரும் தயங்காமல் எடுத்தாளும் பழமொழி. ஒரு பிள்ளை நல்ல நிலைக்கு வந்துவிட்டால் அதைச் சொல்லி மகிழ்கிறோம். வராமற் போனாலோ, அவன் முளையாக இருந்த காலத்தில் நாம் என்ன சொன்னோம் என்பதையே மறந்து விடுகிறோம். ஆகவேதான் அந்தப் பழமொழி இதுகாறும் ஒருமுறை கூடப் பொய்த்ததாகக் கணக்கில் ஏறவில்லை.

அதை நாமும் ஒருமுறை சொன்னோம். யாரிடம், எதற்காகச் சொன்னோம் என்பதை வாசக நேயர்களிடம் முதலில் ஒப்புக்கொண்டு மேலே செல்வதே முறை.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு வரும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் கொண்டே ஊரை அடையாளம் கண்டுகொள்ளலாம். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியும் அது எரிந்து முடிந்த சாம்பலும் அப்பகுதி மக்களுக்குப் பிழைப்பும் ஆகும், இருமலும் ஆகும். அங்குள்ள ஒரு மக்தபில் நாம் ஓதிக் கொடுத்து வருகிறோம். ஓத வரும் பிள்ளைகளுள் ஒருவன், ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் ஒருவரின் மகன், பன்னிரண்டு வயதிலேயே தன்னொத்த பிள்ளைகளைவிட ஒரு தலை உயரமாக இருந்தான். பள்ளி மைதானத்தில் இரும்புக் கம்பம் ஒன்றில் வளையம் கட்டியிருந்தார்கள். மஃரிப் பாங்கு கேட்கும் வரை அவன் அங்கேதான் இருப்பான். பாங்கு கேட்டதும் பந்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, வியர்வை அடங்குமுன் ஒளு செய்து ஸஃப்பில் நிற்பான். மக்தபின் கதவு நிலையில் பென்சிலால் தம் உயரத்தைக் கோடிட்டு வைப்பது அப்பிள்ளைகளின் வழக்கம். கோடுகளிலெல்லாம் உயர்ந்த கோடு அவனுடையது.

தனியார் பயிற்சி நிலையம் ஒன்று பிள்ளைகளைத் தேர்வு செய்தது, அவனையும் தேர்ந்தெடுத்தது. தங்குமிடமும் உணவும் அவர்கள் பொறுப்பு. படிப்பும் பார்த்துக்கொள்ளப்படும் என்றார்கள். அவன் தந்தை எம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், இவன் தேறுவானா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பி வச்சிடுறேன்” என்றார்.

கூடைப்பந்தைப் பற்றி எமக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவ்வூரில் எமது சொல்லுக்கு இருந்த மதிப்பு ஒன்றே எமது தகுதி. “விளையும் பயிர் முளையிலே தெரியும் பாய், தைரியமாக அனுப்புங்கள்” என்றோம். அந்த வாக்கியம் எம் வாய்க்கு இனிமையாகவே இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்து அவன் திரும்பி வந்தான். உயரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். கதவு நிலையில் பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் இடையே இரண்டு விரற்கடைதான் இருந்தது. மற்றப் பிள்ளைகள் அவனை எட்டிப் பிடித்திருந்தார்கள். சிலர் தாண்டியும் விட்டார்கள். அவ்விரண்டு ஆண்டுகளில் அவன் படித்திருக்க வேண்டிய கணக்கும் அறிவியலும் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. அதன் பிறகே நாம் இவ்விளையாட்டைப் பற்றித் தேடிப் படிக்கலானோம். முன்னே செய்ய வேண்டியதைப் பின்னே செய்வது எமக்கு மட்டும் உள்ள குறையன்று என்று ஆறுதல் கொண்டோம்.

தேர்வாளர்களை மூடர் என்று எண்ணிவிடலாகாது. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்தைப் பிடிக்கவும் எறியவும் கற்பிக்கலாம். உயரத்தைக் கற்பிக்க எந்த உஸ்தாதாலும் இயலாது. எனவே அவர்கள் உயரத்தை அளக்கிறார்கள். இரு கைகளையும் விரித்தால் எட்டும் நீளத்தை அளக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எழும்புகிறான் என்று பார்க்கிறார்கள். பெற்றோரின் உயரத்தைக் கூட்டி, ஆண் பிள்ளையாயின் அதனோடு 13 சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுத்து, வளர்ந்தபின் அவன் எவ்வளவு இருப்பான் என்று மதிப்பிடும் கணக்கு ஒன்றும் மருத்துவர்களிடம் உண்டு. தந்தை 168, தாய் 152 என்றால் மகன் 166.5 என்று விடை வரும். ஆனால் அவ்விடை எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை மேலும் போகலாம், கீழும் போகலாம் என்று அதே மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒருவனைச் சேர்ப்பதும் தள்ளுவதும் அந்தப் பத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் பதினான்கு வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கிறார்கள். ஆயினும் எல்லோருக்கும் அது ஒரே வயதில் வருவதில்லை. சிலருக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும்; சிலருக்குப் பதினாறு வரை காத்திருக்கும். பன்னிரண்டு வயதினரை வரிசையில் நிறுத்தினால், முந்தி வளர்ந்தவன் ஆற்றல் மிக்கவனாகவும் பிந்தி வளர்பவன் ஆற்றல் குறைந்தவனாகவும் தோன்றுவார்கள். வரிசையில் நாம் காண்பது எதிர்காலத்தை அன்று. யார் முந்தி வந்தார் என்பதை மட்டுமே. பிஞ்சிலே பழுத்தது என்று நம் பாட்டிமார் இகழ்ச்சியாகச் சொல்வதை, தேர்வாளர் புகழ்ச்சியாகச் சொல்கிறார், அவ்வளவே வேறுபாடு. எம் மாணவன் கதையும் அதுதான். அவன் வளர வேண்டிய வளர்ச்சியில் பெரும்பங்கை முன்கூட்டியே வாங்கிவிட்டிருந்தான்.

வயதே மெய்யானதாக இல்லாதபோது இம்மயக்கம் மோசடியாகவும் மாறுகிறது. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியர் எழுதிய ஜூன் மாதத் தேதியே பிறந்த நாளாக நிலைத்துவிட்ட தலைமுறை எம்முடையது. அதனால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் பதினாறு வயதுப் பையனைப் பதினான்கு என்று எழுதிக் களத்தில் இறக்கினால், மெய்யாகவே பதினான்கு வயதான ஒரு பிள்ளையின் இடம் பறிபோகிறது. 2010-இல் இந்திய அரசு வயது மோசடிக்கு எதிராக விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட வேண்டி வந்தது. இன்று மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்க்கிறார்கள். தந்தையின் சொல்லை நம்பாமல் பிள்ளையின் எலும்பைக் கேட்கும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

உலகிலேயே செல்வம் மிக்க கூடைப்பந்துக் களமான அமெரிக்க என்.பி.ஏ.யில் அளவைகளுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் சுமார் 60 இளைஞர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கிறார்கள். 1984-ஆம் ஆண்டு முதல் இடத்தில் தேர்வானவர் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்த ஹகீம் ஒலாஜுவோன். அவர் பதினைந்து வயதைக் கடந்த பிறகே இப்பந்தைக் கையில் எடுத்தவர்; அதற்குமுன் கைப்பந்தும் கால்பந்தும் ஆடியவர். நம் நாட்டு விடுதித் தேர்வுகளில் அவர் வயதின் காரணமாகவே வாசலில் நிறுத்தப்பட்டிருப்பார். பின்னர் 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் தம் அணிக்கு வாகை சூட்டினார். 1995 பிப்ரவரி ரமலான் மாதமாக அமைந்தது. நோன்பு நோற்றுக்கொண்டே ஆடிய அவரை அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராக அறிவித்தார்கள்.

அதே 1984-இல் இரண்டாம் இடத்தில் தேர்வானவர் சாம் போவி. மூன்றாம் இடம்தான் மைக்கேல் ஜோர்டானுக்குக் கிடைத்தது. ஜோர்டானைப் பள்ளி அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மை அதனினும் சாதாரணமானது: 1978-இல் முதல் அணியில் அவரைவிட உயரமான தோழனைச் சேர்த்து, இவரை இளையோர் அணியில் வைத்தார்கள். பின்னாளில் அவர் 198 சென்டிமீட்டருக்கு உயர்ந்தார். 160 சென்டிமீட்டர் மட்டுமே இருந்த மக்ஸி போக்ஸ் 1987 முதல் 14 பருவங்கள் அதே களத்தில் ஆடினார். செர்பியாவின் நிக்கோலா யோக்கிச் 2014-இல் 41-ஆவது ஆளாகத் தேர்வானார். அவரைவிட மேலானவர்கள் என்று நாற்பது பேரை முன்னே நிறுத்திய அறிஞர்களின் கண்ணெதிரே 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர் பெற்றார்.

இவற்றைக் கொண்டு மதிப்பீடு அனைத்தும் வீண் என்று முடிவுகட்டுவோர் உளர். அதை நாம் ஒப்பமாட்டோம். முந்திய இடங்களில் தேர்வானவர்களை ஒரு குவியலாகவும், பிந்திய இடங்களில் தேர்வானவர்களை இன்னொரு குவியலாகவும் வைத்துப் பார்த்தால், முதற்குவியலே மேலாகத் தேறும். தேர்வாளரின் கண் குவியலைப் பொறுத்தவரை பழுதில்லை. குவியலுக்கு உண்மையானதை ஒரு பிள்ளையின் தலையில் வைக்கும்போதுதான் பிழை நுழைகிறது.

இவ்விடத்தில் மதரஸாவில் ஓதிய பிக்ஹுப் பாடம் ஒன்று எம் நினைவுக்கு வந்தது. மரத்தில் உள்ள பழத்தை, அது பழுக்கத் தொடங்கியதன் அடையாளம் தெரியுமுன் விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பேரீச்சை சிவக்கவோ மஞ்சளாகவோ வேண்டும். அல்லாஹ் அப்பழத்தைத் தடுத்துவிட்டால் உன் சகோதரனின் பொருளை எதைக் கொண்டு நீ உரிமையாக்கிக் கொள்வாய் என்னும் கருத்தில் அவர்கள் வினவியதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. நம் திருவள்ளூர் மாவட்டத்து மாந்தோப்புகளைப் பூவைக் கண்டே குத்தகை பேசுகிறவர்கள் இப்பாடத்தை நன்கு அறிவார்கள். ஒரு நாள் மழையிலும் பூ உதிரும்.

அதே சமயம், முன்பணம் கொடுத்துப் பின்னர் விளைச்சலைப் பெறும் ‘ஸலம்’ என்னும் வணிகம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அளவு தெரிந்திருக்க வேண்டும். எடை தெரிந்திருக்க வேண்டும். தவணை தெரிந்திருக்க வேண்டும். இன்ன தரத்தில் இத்தனை மரக்கால் பேரீச்சை தருகிறேன் என்று ஒருவர் பொறுப்பேற்கலாம். ஆனால் இந்த ஒரு மரத்தின் பழத்தைத் தருகிறேன் என்று ஸலம் பேசுவதை இமாம்கள் ஏற்கவில்லை. அந்த மரம் காய்க்கும் என்பதற்கு யார் உறுதி? நூறு பிள்ளைகளைப் பயிற்றுவித்தால் பத்துப் பேர் தேறுவர் என்று ஒரு பயிற்றுநர் சொல்வது முதல்வகை. இந்தப் பிள்ளை தேறுவான் என்று நாம் அன்று சொன்னது இரண்டாம் வகை. மாணவப் பருவத்தில் இப்பாடத்தை வணிகர்களுக்கு உரியது என்று எண்ணி ஓதினோம்.

பிள்ளை சரக்கு அல்லன். மனிதனை விலை பேசுவதே ஆகாது என்று யாரேனும் மறுத்தால், அம்மறுப்பு சரிதான். உவமை ஒரு பக்கம் மட்டுமே ஒக்கும். இன்னொரு பக்கத்திலும் அது ஒவ்வாது. பழம் பழுக்கும் வரை காத்திருக்கலாம். பிள்ளையின் விஷயத்தில் காத்திருப்பதே இழப்பாகிவிடும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கே சேர்க்கை நடக்கிறது. அதற்குள் ஒருவர் கண்ணில் பட்டால்தான் பயிற்சி. பயிற்சி இருந்தால்தான் ஆட்டம். ஆகவே மதிப்பிடாமலும் இருக்க முடியாது. மதிப்பிட்டே ஆக வேண்டிய ஒருவர், தம் சொல் பிழைத்தால் எதை இழக்கிறார்? எமது கேள்வி இதுவே. தேர்வாளருக்கு அடுத்த ஆண்டு வேறு நூறு பிள்ளைகள் வருவார்கள். எமக்கோ மறுநாளும் மக்தபில் அதே மரியாதை கிடைத்தது. இழந்தவன் ஒருவனே; அவனுக்கு அப்போது வயது பதினான்கு.

இளையோரைத் தேர்ந்தெடுக்கும் காட்சி ஒன்று நம் வரலாற்றிலும் உண்டு. உஹதுக்குப் புறப்படும்போது சிறுவர்கள் பலர் முன்வந்தனர். வயது போதாதவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ராஃபிஉ (ரலி) அம்பெய்வதில் வல்லவர் என்று தெரியவந்ததும் அவருக்கு அனுமதி கிடைத்தது. அதைக் கண்ட ஸமுரா (ரலி), ராஃபிஉவை மல்லுக்கட்டில் தம்மால் வீழ்த்த முடியும் என்று முறையிட்டார். இருவரையும் மோதவிட்டார்கள், ஸமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிடைத்தது. தள்ளப்பட்ட சிறுவன் முறையிடலாம் என்பதும், முறையிட்டவனை அந்த இடத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள் என்பதும், முதலில் சொன்ன முடிவை மாற்றிக்கொள்வதில் எவருக்கும் இழுக்கு நேரவில்லை என்பதும் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. அன்று பதினான்கு வயதில் திருப்பி அனுப்பப்பட்ட இப்னு உமர் (ரலி), பதினைந்து வயதில் அகழ்ப்போரில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவருக்குச் சொல்லப்பட்ட ‘இல்லை’ அந்த ஆண்டுக்கு மட்டும் உரியதாக இருந்தது. எம் மாணவனுக்கு வந்த கடிதத்தில் ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை.

தேறுதல் என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதும் தெளிவாக இல்லை. பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995-இல் பிறந்த சத்னாம் சிங் 218 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்தவர். லூதியானா அகாதெமியில் டாக்டர் எஸ். சுப்பிரமணியன் அவரைப் பயிற்றுவித்தார். 2010-இல் அமெரிக்கா சென்றார். 2015-இல் டல்லாஸ் அணி அவரை 52-ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களுள் அவ்வாறு தேர்வானவர் அவரே முதல்வர். நூறு கோடிப் பேரின் எதிர்பார்ப்பு என்று ஏடுகள் எழுதின. பத்தொன்பது வயது இளைஞனின் தோளில் அதை ஏற்றியவர்கள் அவனிடம் கேட்டு ஏற்றவில்லை. என்.பி.ஏ.யின் வழக்கமான பருவ ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. பின்னர் 2021-இல் தொழில்முறை மல்யுத்தத்திற்குச் சென்றார். அவர் தேறவில்லை என்று சொல்வோர், ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை அவ்வளவு தூரம் சென்றதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

நம் நாட்டில் தொழில்முறை லீக்குகள் நிலைத்து நின்றதில்லை. 2015-இல் தொடங்கிய யூ.பி.ஏ. லீக் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று, 2022-இல் ஐ.என்.பி.எல். என்ற வேறொன்று தொடங்கியது. எனவே தமிழ்நாட்டில் ஒரு தந்தை “தேறுவானா?” என்று கேட்டால், அதன் பொருள் பெரும்பாலும் வேலை கிடைக்குமா என்பதுதான். தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை ஆகியவற்றின் அணிகள் பல குடும்பங்களைக் கரையேற்றியிருக்கின்றன. பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்ற சென்னையின் அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் பணிபுரிந்தவாறே ஆடியவர். தாயான பின்னும் களத்திற்குத் திரும்பியவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். வேலைக்காக ஆடுவதை இழிவாகப் பேசுவோர், கூலி வீட்டில் ஒருநாள் விருந்தாளியாக இருந்து பார்க்கட்டும். ஆயினும் அந்த இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதைத் தேர்வு நாளிலேயே தந்தையிடம் சொல்லிவிடுவது தேர்வாளரின் கடமை. எத்தனை பேரில் எத்தனை பேர், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எடை போடுவோம், திரும்பி வந்தால் அவன் எந்த வகுப்பில் உட்காருவான் என்று மூன்றையும் சொல்லட்டும். சொல்ல முடியாதவர்கள் பிள்ளையைக் கேட்காமல் இருக்கட்டும்.

சாம் போவியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டோம். கல்லூரியிலேயே கால் எலும்பு முறிந்து இரு பருவங்கள் ஆடாதிருந்தவர் அவர். தேர்வுக்குமுன் மருத்துவர்கள் அவரைப் பல மணி நேரம் சோதித்தார்கள். காலைத் தட்டித் தட்டி வலிக்கிறதா என்று கேட்டார்கள். வலிக்கவில்லை என்றார். 2012-இல் வெளியான ஆவணப்படம் ஒன்றில், உள்ளே வலித்தது என்றும், தம்மவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் மறைத்ததாகவும் ஒப்புக்கொண்டார். சரக்கின் குறையை விற்பவன் மறைக்கலாகாது என்று சட்டம் உண்டு. சரக்கே தன் வலியை மறைத்துக்கொண்டு நின்றால் அங்கே யாரைக் குற்றவாளி என்பது? இதைப் படித்த இரவு நாம் உறங்கவில்லை. ஏனெனில் எம் மாணவன் ஸஜ்தாவிலிருந்து எழும்போது சில காலமாக இரு கைகளையும் தரையில் ஊன்றி எழுவதை நாம் பார்த்திருந்தோம். சோம்பல் என்று எண்ணி ஒருமுறை கடிந்தும் இருந்தோம்.

சென்ற பெருநாள் கழிந்து அவன் தந்தை அவனை அழைத்துக்கொண்டு வந்தார். அவனுக்கு இப்போது பதினாறு. கதவு நிலையில் நின்று பார்த்தான். கோடு மூன்று விரற்கடை மேலே ஏறியிருந்தது. தந்தையின் முகம் மலர்ந்தது. “ஹஜ்ரத், மறுபடி வளர ஆரம்பிச்சுட்டான். ரயில்வேக்கு ஆடுற பசங்களோட சேர்த்து விடலாம்னு சொல்றாங்க. இவன் தேறுவானா?” என்றார்.

நாம் அவருக்கு விடை சொல்லவில்லை. பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்று தலையசைத்தான். மறுபடி கேட்டோம். தந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, “குதிச்சு இறங்கும்போதுதான் ஹஜ்ரத். அங்க சேர்ந்த மொத வருஷத்திலேர்ந்தே இருக்கு” என்றான்.

அவன் தந்தை கதவு நிலையை விட்டு வந்து, மகனருகே தரையில் அமர்ந்து, அவன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிப் பார்த்தார்.